ரஜுலாவின் கூடப்பிறந்தவள்

நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் பக்கம் எழுபத்தைந்து வயசைத் தாண்டிய யாரிடமாவது 'ரஜுலா' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பேச்சு நிற்காது. பினாங்குக்குப் போன மாமா, சிங்கப்பூரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி, கோடாலித் தைலம், டெக்கில் பாய் விரித்துப் படுத்த ஒரு வாரம், வாந்தி, ஊறுகாய், எட்டாம் நாள் காலையில் கண்ணில் பட்ட கரை என்று ஆரம்பித்துவிடுவார்கள். 1926இல் ஓட ஆரம்பித்த கப்பல் அது. நடுவில் யுத்த வருஷங்களைக் கழித்துவிட்டால் 1973 வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று டவுன் பஸ் மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. பிறகு ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கி, 'ரங்கத்' என்று பேர் மாற்றி, அடுத்த வருஷமே உடைக்கக் கொடுத்துவிட்டது.

அதே பெரியவரிடம் 'ரோனா' என்று சொன்னால், "கொரோனாவா?" என்று மாஸ்க்கைத் தேடுவார்.

ரோனா, ரஜுலாவின் சகோதரிக் கப்பல். இரண்டும் ஒரே வருஷம், ஒரே கம்பெனிக்காக, ஒரே வேலைக்காகக் கட்டப்பட்டவை. கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன். வேலை, தமிழர்களை மலேயாவுக்கு ஏற்றிப்போவது, ஏற்றி வருவது. ரஜுலா கிளாஸ்கோவில் பிறந்தது, ரோனா டைன் நதிக்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊரில். இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு 'ஆ'வில் முடிகிற ஊர்ப் பெயர்கள் மேல் ஒரு பிரியம். ரஜுலா குஜராத்தில் இருக்கிற ஊர், ரோனா ஹரியானாவில் இருக்கிற கிராமம். இரண்டு ஊருக்கும் நாகப்பட்டினத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பெயர் வைத்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவும் இருந்திருக்காது.

ரஜுலா நமக்கு ஒரு பாட்டி மாதிரி ஞாபகத்தில் இருக்கிறது. ரோனாவை அமெரிக்காவில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், ஒரு சாவு வீடு மாதிரி. அதைப் பற்றி அங்கே புத்தகங்கள் இருக்கின்றன, சங்கம் இருக்கிறது, நினைவுக்கல் இருக்கிறது, அமெரிக்க காங்கிரஸின் தீர்மானமே இருக்கிறது. அந்தப் புத்தகங்களைப் பற்றித்தான் இந்த வாரம். அவற்றில் எனக்கு மரியாதை உண்டு. சண்டையும் உண்டு.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1940இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ரோனாவை யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லாப் பயணிகள் கப்பலுக்கும் இதே கதிதான். குவீன் மேரி மாதிரி ராணிகளுக்குக்கூட சாம்பல் பெயின்ட் அடித்து, நடன ஹாலில் பங்க் கட்டில் போட்டு, 1943 ஜூலையில் ஒரே தடவையில் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றினார்கள். ராணியின் வேகத்துக்கு நீர்மூழ்கிகளால் ஈடுகொடுக்க முடியாது. ரோனா ராணி இல்லை. எட்டாயிரத்து அறுநூறு டன், மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாட் வேகம், பதினேழு வயசு. அதுவரை அது ஏற்றியதெல்லாம் டெக் டிக்கெட்காரர்களை.

1943 நவம்பர் 25, அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகம். அமெரிக்கர்களுக்கு அன்றைக்கு தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. ரோனாவில் 1,981 அமெரிக்க சிப்பாய்கள் ஏறியிருந்தார்கள். போகிற இடம் இந்தியா. சீனா-பர்மா-இந்தியா போர்முனைக்கு விமானத் தளம் கட்டவும், வண்டி ஓட்டவும், மற்ற எடுபிடி வேலைகளுக்கும் போகிற பையன்கள். பெரும்பாலானவர்களுக்கு இருபதைச் சுற்றித்தான் வயசு. மறுநாள் 26ஆம் தேதி சாயங்காலம், அல்ஜீரியக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. கப்பல் கூட்டம் முழுவதும் தப்பித்துவிட்டது, ரோனாவைத் தவிர.

ரோனாவை அடித்தது சாதாரண குண்டு இல்லை. ஹென்ஷல் 293 என்று ஒரு சாமான். சின்ன ஏரோப்ளேன் மாதிரி இறக்கை, அடியில் ராக்கெட், உள்ளே 500 கிலோ வகைக் குண்டு, வாலில் எரிகிற ஒரு வெளிச்சம். தூரத்தில் பறக்கிற தாய் விமானத்தில் ஒருவன் உட்கார்ந்து, அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி ரேடியோவில் ஒரு குச்சியை அசைத்து அதை ஓட்டுவான். இன்றைக்கு உக்ரைனில் ட்ரோன் ஓட்டுகிற பையன்கள் செய்வதன் கொள்ளுத்தாத்தா வேலை இது. போரில் பயன்பட ஆரம்பித்து அப்போது மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. கப்பலின் இடப்பக்கம் புகுந்து எஞ்சின் ரூம் பக்கத்தில் வெடித்தது. கரண்ட் போச்சு. பம்புகள் போச்சு. எஞ்சின் ரூமில் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், கப்பலைக் காணோம்.

அடித்த குண்டைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள். அவற்றில் எட்டுதான் கீழே இறங்கின. சிலது வெடிப்பிலேயே சிதறிப்போயின. சிலது அவற்றைப் பிடித்திருந்த இரும்பில் துருவேறி அசையவே இல்லை. இறங்கிய எட்டிலும் முக்கால்வாசி, ஆள் ஏறி ஏறிக் கவிழ்ந்தன. சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்த காற்றடைத்த பெல்ட்டைப் பல பேர் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அதைக் கக்கத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. தண்ணீரில் விழுந்ததும் அது இடுப்பைத் தூக்கித் தலையைக் கவிழ்த்துவிட்டது. நீச்சல் தெரிந்தவன்கூட அப்படிச் செத்தான். இருட்டு, குளிர், பெரிய பெரிய அலை. 'பயனீர்' என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் ஒன்று மட்டும் 606 பேரைத் தூக்கியது. கை நீட்டி இழுக்கும்போதே அலை அடித்து அதே கப்பலின் பக்கவாட்டில் மோதி இறந்தவர்களும் உண்டு.

அமெரிக்க சிப்பாய்களில் மட்டும் 1,015 பேர் போனார்கள். எல்லோரையும் சேர்த்து 1,100க்கும் மேல். டைட்டானிக்கில் சுமார் 1,500. ஜேம்ஸ் கேமரூன் புண்ணியத்தில் டைட்டானிக்கில் எந்த இடத்தில் நின்று கை விரிக்க வேண்டும் என்பது வரை நமக்குத் தெரியும்.

ரோனா ஏன் தெரியவில்லை? சொல்லவில்லை, அதனால் தெரியவில்லை. பிள்ளைகளைக் காணோம் என்று வீட்டுக்குத் தந்தி போனது, அப்புறம் இறந்துவிட்டார்கள் என்று. எங்கே, எப்படி என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1944 பிப்ரவரியில், பெயர் சொல்லாமல், ஐரோப்பியக் கடலில் ஒரு கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று ஒரு அறிவிப்பு. பிழைத்தவர்களுக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. அவர்களும் திறக்கவில்லை, ஐம்பது வருஷம். பெண்டாட்டியிடம்கூட சொல்லாத மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

சொல்லப்பட்ட காரணம், ஜெர்மன்காரனுக்குத் தன் புது ஆயுதம் எவ்வளவு நாசம் செய்தது என்று தெரியக்கூடாது. யுத்தம் நடக்கும்போது சரி, ஒப்புக்கொள்ளலாம். யுத்தம் முடிந்த பிறகு? ஹிட்லர் செத்து, ஹென்ஷல் செய்தவனே அமெரிக்காக்காரனிடம் கைதியான பிறகும் இந்த விஷயம் எந்த எதிரியிடமிருந்து ரகசியமாக வைக்கப்பட்டது? அந்தப் பையன்களின் அம்மாக்களிடமிருந்துதான். பிரிட்டிஷ்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 1940 ஜூனில் பிரான்ஸின் சான் நசேர் அருகே 'லங்காஸ்ட்ரியா' என்ற கூனார்ட் கம்பெனி சொகுசுக் கப்பல் ஆயிரக்கணக்கான சிப்பாய்களோடு மூழ்கியபோது, கெட்ட செய்தி ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது என்று சர்ச்சில் பத்திரிகைகளை நிறுத்திவைத்தார். அப்புறம் அந்தத் தடையை எடுக்க மறந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மறதி!

*

1993இல் சார்லஸ் ஆஸ்குட் என்ற வானொலிக்காரர், முன்னாள் படைவீரர் தினத்தன்று சி.பி.எஸ். ரேடியோவில் ரோனாவைப் பற்றிப் பேசினார். அடைத்துவைத்த குழாயைத் திறந்தது மாதிரி ஆகிவிட்டது. பிழைத்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். சங்கம் வைத்தார்கள். 1996இல் அலபாமா மாநிலத்தில் ஒரு ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் வைத்தார்கள். 1997இல் கார்ல்டன் ஜாக்ஸன் என்ற கென்டக்கி வரலாற்றுப் பேராசிரியரின் 'ஃபர்காட்டன் டிராஜெடி' வந்தது. டைட்டானிக் படம் வந்த அதே வருஷம். 1999இல் ஜேம்ஸ் பென்னட்டின் 'தி ரோனா டிஸாஸ்டர்'. பென்னட் சரித்திர ஆசிரியர் இல்லை. அந்தக் கப்பலில் சகோதரனைப் பறிகொடுத்தவர். 2000இல் காங்கிரஸ் தீர்மானம். பிறகு கட்டுரைகள், டாகுமென்டரிகள்.

இந்தப் புத்தகங்களின் பலம் எது என்று கேட்டால், ஆட்கள். ஜாக்ஸன் கடிதம் போட்டு, பேட்டி எடுத்து, உயிர் பிழைத்தவர்களின் வார்த்தையைச் சேகரித்தார். சரியான நேரத்தில் செய்தார். பத்து வருஷம் தாமதித்திருந்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள். ஒரு அரசாங்கம் கோப்பில் பூட்டி வைத்ததை எழுபது எண்பது வயசுக் கிழவர்களின் ஞாபகத்திலிருந்து மீட்டெடுப்பது லேசான காரியமில்லை. நம் ஊரில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களிடம் இப்படி உட்கார்ந்து எழுதி வாங்கியவர்கள் எத்தனை பேர்? சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பிய தோட்டத் தொழிலாளிகளிடம்? ஆகவே மரியாதை.

சண்டை எங்கே வருகிறது என்றால், கப்பல் ஊழியர்கள் வருகிற இடத்தில்.

ரோனாவில் சிப்பாய்களைத் தவிர 195 ஊழியர்கள் இருந்தார்கள். அதிகாரிகள் சில பேர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியர். மற்ற எல்லோரும் இந்தியர்கள். 'லஸ்கர்' என்று பேர். இதில் தமிழ்ப் பெருமை பேச எதுவும் இல்லை. லஸ்கர் வேலைக்குப் பெரும்பாலும் சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், கொங்கண், குஜராத், கோவா பக்கத்து ஆட்களைத்தான் எடுப்பார்கள். ஏழைகள். பாதிப் பேருக்குக் கையெழுத்து தெரியாது. சாரங் என்ற மேஸ்திரி ஊரிலிருந்து பிடித்து வருவான், அவனுக்குக் கமிஷன் போகும். ஒரே கப்பலில் ஒரே வேலை செய்கிற வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்குதான் இவர்களுக்குச் சம்பளம். படுக்க இடமும் அதைவிடக் குறைவாக, சட்டம் போட்டே ஒதுக்கியிருந்தார்கள். 1939இல் யுத்தம் ஆரம்பித்ததும், 'உயிரைக் கொடுப்பதற்காவது கூடக் கொடு' என்று பிரிட்டிஷ் துறைமுகங்களில் ஸ்டிரைக் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அப்புறம் கொஞ்சம் கூட்டியும் கொடுத்தார்கள்.

பிழைத்துவந்த பல அமெரிக்க சிப்பாய்களின் நினைவில் இந்த லஸ்கர்கள் எப்படி இருக்கிறார்கள்? குண்டு விழுந்ததும் முதல் ஆளாகப் படகுக்கு ஓடியவர்கள். எங்களை விட்டுவிட்டுப் போனவர்கள். என்ன சொன்னாலும் புரியாதவர்கள். கப்பலையும் படகையும் பராமரிக்காமல் துருப்பிடிக்க விட்டவர்கள். இது திரும்பத் திரும்ப வருகிறது, ஒருவர் இருவர் இல்லை. புத்தகத்திலிருந்து கட்டுரைக்கு, கட்டுரையிலிருந்து டாகுமென்டரிக்கு என்று ஏறி, ரோனா கதையில் ஒரு நிரந்தரக் காட்சியாகவே ஆகிவிட்டது. மானம் கப்பலேறும் என்பார்கள். இவர்கள் மானம் கப்பலேறியது கப்பல் மூழ்கின பிறகு.

சிப்பாய்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பார்த்ததைத்தான் சொன்னார்கள். சாகப் போகிறோம் என்று நினைக்கிற பத்தொன்பது வயசுப் பையன், தன்னைத் தவிர வேறு யாராவது படகில் இருப்பதைப் பார்த்தால் அவனை ஓடிப்போனவன் என்றுதான் நினைப்பான். ஓடினவர்களும் இருந்திருப்பார்கள். பயப்படுகிற ஆள் எல்லாக் கப்பலிலும் உண்டு, எல்லா நிறத்திலும். ஆனால் சாட்சி சொல்கிறவன் வேலை வேறு, சரித்திரம் எழுதுகிறவன் வேலை வேறு. சாட்சி சொன்னதை வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே கிடக்கிற கணக்கை எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் எழுதுகிறவன் வேலை.

கணக்கு என்ன சொல்கிறது? சிப்பாய்கள் 1,981 பேரில் 1,015 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 51. ஊழியர்கள் 195 பேரில் சுமார் 120 பேர் இறந்தார்கள், ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். நூற்றுக்கு 60.

இன்னொரு தடவை படியுங்கள். படகை எடுத்துக்கொண்டு ஓடிப்போனதாகச் சொல்லப்படுகிறவர்கள்தான் அதிக விகிதத்தில் செத்திருக்கிறார்கள். இதென்ன ஓட்டம்?

உடனே ஒரு வக்கீல் எழுந்து, "ஸார், படகு கவிழ்ந்தால் அதில் இருந்தவன்தானே சாவான், ஆகவே ஓடியதால்தான் செத்தான்" என்பார். வாஸ்தவம், அப்படியும் இருக்கலாம். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, குண்டு வெடித்தது எஞ்சின் ரூம் பக்கத்தில். அங்கே ஷிப்ட்டில் இருந்தவர்கள் எந்தப் படகுக்கும் ஓடியிருக்க முடியாது. அவர்கள் மேல்தளத்துக்கு வரவே இல்லையே, பார்த்த சிப்பாய்களின் ஞாபகத்தில் எப்படி இருப்பார்கள்? இரண்டு, எந்தக் கப்பலிலும் உயிர்காப்புப் படகை இறக்குவதும், அதில் உட்கார்ந்து ஓட்டுவதும் கப்பல் ஊழியனின் டியூட்டி. ஆபத்து மணி அடித்தால் அவன் போகவேண்டிய இடமே படகுதான். டியூட்டிக்குப் போகிறவனுக்கும் தப்பித்துப் போகிறவனுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் முதுகு ஒரே மாதிரிதான் இருக்கும். முந்தின நாள்தான் கப்பலேறிய சிப்பாய்க்கு இந்த வித்தியாசம் தெரிய நியாயமில்லை. ஐம்பது வருஷம் கழித்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாஷை விஷயமும் அப்படித்தான். லஸ்கர்களுக்கு உத்தரவு இங்கிலீஷில் போகாது. இந்துஸ்தானி, போர்ச்சுக்கீஸ், அரபி, மலாய் எல்லாம் கலந்த 'லஸ்கரி' என்று ஒரு கப்பல் பாஷை உண்டு. 1811இலேயே தாமஸ் ரோபக் என்ற ராணுவ அதிகாரி அதற்கு ஒரு அகராதியே போட்டிருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைக் கற்றுக்கொண்டுதான் வேலை வாங்கினார்கள். இருட்டில், சாய்கிற டெக்கில், ஒரு அமெரிக்கன் தன் ஊர் இங்கிலீஷில் கத்தினால் லஸ்கருக்கு என்ன புரியும்? 'சொன்னது புரியவில்லை' என்ற புகாரை நாம் இரண்டு பக்கமும் போடலாம் இல்லையா?

துருவுக்கு வருவோம். துருவுக்கு யார் பொறுப்பு? மாசத்துக்குச் சில பவுன் வாங்குகிற ஆளா, கப்பலின் சொந்தக்காரனா, மூன்று வருஷமாக அதை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த போர் இலாகாவா, இல்லை இந்தக் கப்பலில் ரெண்டாயிரம் பேரை ஏற்றலாம் என்று ஒப்புக்கொண்ட அமெரிக்க ராணுவமா? கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்க அரசாங்கத்தின் ரகசியத்தை அத்தனை தைரியமாகக் குடைகிற எழுத்து, இந்தக் கேள்வியை மட்டும் மேல்மாடிக்கு எடுத்துப் போகாமல் கீழ்த்தளத்திலேயே விட்டுவிடுகிறது.

இன்னொரு விஷயமும் படிக்கும்போது உறுத்தியது. அமெரிக்கர்களுக்கு ரோனாவில் ஏறின நிமிஷமே பிடிக்கவில்லை. அழுக்கு, நாற்றம், ரொட்டியில் புழு, காற்றில்லாத கீழ்த்தளத்தில் கூட்டம் கூட்டமாகப் படுக்கை. எல்லாம் உண்மைதான், சந்தேகமில்லை. அவர்கள் இதைக் கப்பல் கெட்டுப்போனதற்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். அது கெட்டுப்போகவில்லை ஐயா, அப்படித்தான் கட்டப்பட்டது! இந்த இரண்டு சகோதரிகளுக்கும் டெக் பயணிகளாக ஐயாயிரம் பேர் வரைக்கும் ஏற்ற அனுமதி இருந்தது. ரெண்டாயிரம் பேரை ஏற்றினதை அமெரிக்கன் நெரிசல் என்றான். ஐயாயிரம் பேரை ஏற்றலாம் என்று கப்பலுக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தது ஒரு அரசாங்கம். டெக் பயணி என்றால் கேபின் இல்லை, கட்டில் இல்லை, சாக்பீஸ் கோடு கிழித்த இடம்கூட இல்லை. பாயை விரிக்கிற இடம் உங்கள் இடம். சாமானுக்கு நடுவில், மழையில் தார்ப்பாய்க்குக் கீழே, கைக்குழந்தையோடு. கப்பல்காரன் கணக்கில் அவன் பயணி இல்லை, கிட்டத்தட்ட சரக்கு.

எங்கள் தெருவில் பினாங்குத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். கப்பல் பயணம் பற்றி யார் கேட்டாலும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு முடித்துவிடுவார். ரொட்டியில் புழு இருந்ததா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 'ரொட்டி கொடுத்தானா?' என்று ஆச்சரியப்பட்டிருப்பார்.

சிப்பாய்கள் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பார்த்த கப்பலை நம் ஜனங்கள் பதினான்கு வருஷம் பார்த்திருக்கிறார்கள், 1926லிருந்து 1940 வரை. ரோனா புத்தகங்களில் இந்தப் பதினான்கு வருஷத்துக்கு எவ்வளவு இடம்? பிறப்புச் சான்றிதழ் அளவுக்குத்தான். எந்த ஊரில் கட்டியது, எத்தனை டன், எந்த மார்க்கத்தில் ஓடியது, நேரே ஓரான் துறைமுகம். கப்பலுக்கு அமெரிக்கர்கள் ஏறினபோதுதான் உயிர் வந்தது என்பது போல.

இது அமெரிக்கர்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. கப்பல் சரித்திரம் எழுதுகிற பிரிட்டிஷ்காரர்களுக்கும் உண்டு. அவர்கள் எஞ்சினைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவார்கள். க்வாட்ரபிள் எக்ஸ்பான்ஷன், ஐந்து பாய்லர், இத்தனை குதிரைச் சக்தி. பாய்லருக்கு முன்னால் நின்றவனுக்கு ஒரு வரி. அது கூடப் பன்மையில்.

இப்படியேதான் எழுத முடியும் என்று இல்லை. அமிதவ் கோஷின் 'ஸீ ஆஃப் பாப்பீஸ்' நாவல் 2008இல் வந்தது. அதில் வருகிற 'ஐபிஸ்' என்ற பாய்க்கப்பல் முன்பு அடிமைகளை ஏற்றியது, கதை நடக்கிற 1838இல் மொரிஷியஸுக்குக் கூலிகளை ஏற்றுகிறது. அதில் லஸ்கர்களுக்குப் பெயர் உண்டு, சாரங்குக்கு ஒரு பூர்வ கதை உண்டு, லஸ்கரி பாஷைக்குத் தனி ருசி உண்டு. நாவல்தானே, கற்பனைதானே என்று சொல்லிவிடலாம். ஆனால் ரோபக்கின் அகராதியைத் தோண்டி எடுத்துப் படித்தது அந்த நாவலாசிரியர். சரித்திரம் எழுதுகிறவர்கள் செய்யவேண்டிய வேலை அது.

தமிழில் இருக்கிற நாமும் இதில் யோக்கியர்கள் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை விட்டால், யுத்த கால தென்கிழக்காசியாவைக் கண்ணால் பார்த்தது போல எழுதிய தமிழ் நாவலை விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் முதல் கை முடிவதற்குள் நின்றுவிடும். ரஜுலாவைப் பற்றி ஆயிரம் வீட்டில் ஆயிரம் கதை இருக்கிறது, ஒரு முழுப் புத்தகம் கையில் கிடைத்தால் சொல்லுங்கள், நான் முதல் பிரதி வாங்கிக்கொள்கிறேன். அதே கப்பலும் யுத்தத்தில் துருப்பு ஏற்றியது என்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது. அது பிழைத்து வந்தது, வந்ததும் பழையபடி நாகப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்று பயணிகளை ஏற்றிக்கொண்டது. கூடப்பிறந்தவள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

*

கடைசியாக, பெயர்கள். இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு ஆதாரமே பெயர்ப் பட்டியல்தான். ரோனா விஷயத்தில் சங்கத்துக்காரர்கள் இறந்த ஒவ்வொரு சிப்பாயையும் பெயர், ஊர், பட்டாலியனோடு தேடிச் சேர்த்திருக்கிறார்கள். பிரமாதமான காரியம்.

லஸ்கர்களின் பெயர்கள் எங்கே? கடலில் இறந்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு லண்டன் டவர் ஹில்லில் நினைவுச்சின்னம் இருக்கிறது. வெண்கலத் தகட்டில் கப்பல் பெயருக்குக் கீழே ஆள் பெயர்கள். நின்று கையால் தடவிப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரில் கடலோடு போன இந்திய வணிகக் கப்பல் ஆட்கள் ஏறக்குறைய 6,000 பேர். அவர்கள் பெயர்கள் தகட்டில் இல்லை, ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. வங்கதேசத்தில் சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஒரு பெட்டிக்குள் அந்தப் புத்தகம் இருக்கிறது. இன்னொரு பிரதி பம்பாயில் இந்திய மாலுமிகள் இல்லத்துக்கென்று கொடுக்கப்பட்டது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டிலும் தேடலாம்.

அடுத்து யாராவது ரோனாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துக்கு டிக்கெட் போட வேண்டாம், அதை ஏற்கெனவே நன்றாகத் தோண்டிவிட்டார்கள். சிட்டகாங்குக்குப் போடலாம். கல்கத்தாவிலிருந்து பக்கம்தான்.